ஒரே காரணியில் ஒரு குடும்பம்

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

கிள்ளானில் வாழும் மதிப்பிற்குரிய மச்சான் கார்த்திகேசு அவர்களுக்குக் கமலநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் சர்க்கரையும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஆறே காலுக்கு, எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை அகற்றுவது என்று முடிவு செய்யப்பட்டது. ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை. இருபத்தைந்து அட்டைகளைப் பரப்ப எங்கள் வீட்டில் வேறு இடம் இல்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் மருமகன் ரிஷி பூச்சோங்கில் வீடு வாங்கிவிட்டு, எங்களையும் அங்கே வந்துவிடச் சொல்கிறான். "அப்பா, மூனு மாடி ஏறணும். அம்மா முட்டி என்ன ஆகுறது?" என்பதுதான் அவனுடைய ஒரே வாதம். முப்பத்தொரு வருடம் இருந்த வீட்டை ஒரு முட்டிக்காக விட முடியாது என்பது என் நிலை. கூச்சலில் தீராத இதை விஞ்ஞானத்தால் தீர்ப்பது என்று உறுதி கொண்டேன். நம் புனிதா பல்கலைக்கழகத்தில் கல்வி அளவீட்டில் ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா, அவளிடம் கியூ முறை என்று ஒன்று இருக்கிறது. தேர்வு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் நான் கேள்விகளைத்தான் கூட்டிக் கழித்தேன். இந்த முறையில் மனிதர்களையே கூட்டிக் கழிக்கிறார்கள். அட்டைக்கு ஒரு கருத்து. மிகவும் ஒப்புக்கொள்வதைக் கூட்டல் நான்கில் வைக்க வேண்டும், கொஞ்சமும் ஒப்பாததைக் கழித்தல் நான்கில். அந்த இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஓர் அட்டைதான். பிறகு கணினி காரணிப் பகுப்பாய்வு செய்து, யாருடைய அடுக்கு யாருடைய அடுக்கோடு சேர்கிறது என்று சொல்லிவிடும். ஒரே மாதிரி நினைப்பவர்கள் ஒரே காரணியில் வந்து நிற்பார்கள். யார் எவ்வளவு உறுதியாக அங்கே நிற்கிறார் என்பதற்கு ஆளுக்கு ஓர் எண்ணும் வரும்.

கருத்துகளை நானே எழுதினேன். 'மாடிப்படி ஏறுவது முட்டிக்கு நல்லது', 'ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது', 'பேரப்பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போதும்' என்று நடுநிலையாகவே எழுதியிருந்தேன். புனிதா வாசித்துவிட்டு, "என்னப்பா இது, எல்லாக் கார்டும் உங்க குரல்லயே பேசுது?" என்று பன்னிரண்டை நீக்கித் தானே எழுதிச் சேர்த்தாள். பொறுத்துக்கொண்டேன்.

ஒருவர் அடுக்குவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் உங்கள் தங்கை வள்ளியம்மாவின் முறை வந்தபோது அறைக்கதவைத் தாண்டியும் சத்தம் கேட்டது. இருபத்தைந்து அட்டைகளையும் நடுவில், பூஜ்யத்தில் குவித்துவிட்டிருக்கிறாள்.

"எல்லாம் ஓகேதான் லா. எதுக்கு மைனஸ்ல போடணும்? பாவம்."

"அம்மா, நடுவுல அஞ்சுதான் வைக்கலாம்."

"அப்ப மிச்ச இருபதை எங்கடி வைக்கிறது, பிரிட்ஜ் மேலயா?"

"மனசுல உள்ளபடி வைங்கம்மா. அப்பா பார்க்க மாட்டாரு."

அதன் பிறகு நான்கே நிமிடத்தில் அடுக்கி முடித்தாள். ரிஷியும் அவன் மனைவி மாதவியும் ஞாயிறன்று வந்து அடுக்கினார்கள். நேற்றுக் காலை புனிதா முடிவுத்தாளை மேசையில் வைத்துவிட்டுக் கருத்தரங்குக்காகப் பினாங்கு பஸ் ஏறிவிட்டாள். ஆகவே தாளை நானே வாசித்தேன்.

மச்சான், நாங்கள் நால்வரும் ஒரே காரணியில் நிற்கிறோம்! வள்ளியம்மா 0.88, மாதவி 0.81, ரிஷி 0.79, நான் -0.84. வாய் பூச்சோங் என்று சொன்னாலும் மனம் என் பக்கம்தான் இருந்திருக்கிறது. என் எண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு சிறு கோடு இருந்தது. அதன் காரணமும் எனக்குப் புரிந்தது. அரசாங்கப் படிவங்களில் டான் ஸ்ரீ, டத்தோ என்று பட்டம் கேட்பார்கள். இல்லாதவர் கோடு போட வேண்டும். குடும்பத் தலைவர் என்பதால் என்னிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள் போலும்.

எனவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் ரிஷிக்குப் போன் செய்து, பூச்சோங் பேச்சு இத்துடன் முடிந்தது என்று சொல்லிவிட வேண்டும். பையனுக்கு உங்கள் வார்த்தை என்றால் மரியாதை. நான் அசைவதாக இல்லை. இப்போது கணிதமும் அசைவதாக இல்லை.

இராஜம்மா அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, நினைத்ததெல்லாம் கைகூடி வாழட்டும்.

இப்படிக்கு,
மு. கமலநாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் புனிதா பினாங்கிலிருந்து பேசினாள். அந்தக் கோடு கழித்தல் குறியாம். நால்வரும் நிற்பது ஒரே காரணியில்தான். அவர்கள் மூவரும் அதன் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் நிற்கிறோமாம். நான் தலைமேல் வைத்ததையெல்லாம் அவர்கள் கீழே வைத்திருக்கிறார்கள். உங்கள் தங்கையிடம், "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "நீங்க எங்கங்க கேட்டீங்க? கார்டுதானே கொடுத்தீங்க" என்றாள். ரிஷிக்குப் போன் செய்ய வேண்டாம். சாமான் ஏற்ற லோரி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறது.