பதினேழாம் நம்பர் வங்கி

பாதி படித்தவர்கள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கொழும்பில் டெலக்ஸ் என்னும் தட்டச்சுத் தந்தியில் ஆறு மாதப் பயிற்சி முடித்து, புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்திலுள்ள நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது நான் அப்படித்தான் இருந்தேன். (சான்றிதழைச் சாமி படத்துக்கு மேலே மாட்டியது அப்பா. நான் தடுக்கவில்லை.)

குவைத்திலிருந்து அண்ணன் எழுதியிருந்தார். அக்காவின் தாலிக்குப் பணம் தயார். ஆனால் நம் வங்கியின் டெலக்ஸ் குறியீடு இல்லாமல் அங்கிருந்து அனுப்ப மாட்டார்களாம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்.

"பேங்க்ல கேட்டுக்கிட்டு வா, புள்ள," என்றார் அப்பா.

"கேக்கணுமாப்பா? அதைத்தானே படிச்சேன்!"

வழக்கம்போல் பட்டியல் போட்டுக்கொண்டு கேகாலை வங்கிக்குப் போனேன். பேனா, தாள், பாஸ் புத்தகம், குடை. கேட்பது மட்டும் பட்டியலில் இல்லை.

பாஸ் புத்தகத்தை நீட்டியதும் ஒரு பித்தளை டோக்கன் தந்தார்கள். அதில் வங்கிப் பெயரின் முதலெழுத்துகள், கீழே 17. எழுத்தும் எண்ணும் சேர்ந்து வந்தால் அது டெலக்ஸ் குறியீடு. என் முதல் பாடமே அதுதான். தோட்டத்துச் சம்பளப் பேரேட்டில் ஆளுக்கொரு செக்ரோல் நம்பர் இருக்கும்போது வங்கிக்கு இருக்காதா? இரண்டே இலக்கம் என்பது சற்று உறுத்தியது. சின்ன ஊர், சின்ன நம்பர் என்று சமாதானமானேன். மூன்று முறை சரிபார்த்து அண்ணனுக்கு எழுதிப் போட்ட மும்முரத்தில், அங்கே எல்லோர் கையிலும் டோக்கன் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அண்ணனின் பதில் வந்தபோது கல்யாணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. "தங்கச்சி, இந்த நம்பர்ல உலகத்துலயே பேங்க் இல்லையாம். கவுண்டர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"மஞ்சக் கயிறு போதும்டி," என்றாள் அக்கா. அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுபடி வங்கி. யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா நான் அனுப்பிய குறியீட்டைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே டோக்கன்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. அப்ப இது பதினெட்டாம் நம்பர் வங்கி, இது பத்தொன்பதாம் நம்பர் வங்கி. எதுக்குக் காசு அனுப்பச் சொல்லுவம்?"

"அக்காவோட தாலிக்குங்க..."

சிரிப்பை நிறுத்தினார். கொழும்புத் தலைமை அலுவலகத்தின் குறியீட்டைக் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தார். "கடிதம் வேண்டாம். ஓடிப்போய்த் தந்தி அடியும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் தாலி வாங்கினோம்.

அது இன்னும் அக்காவின் கழுத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுத்தால் போதும், உடனே என்னிடம் நீட்டுவாள்.

"இந்தா, அண்ணனுக்கு எழுதிப் போட்டுரு."