நீலக்கோடா, சிவப்புக்கோடா?

"டீ ஆறுது. நீலமா சிவப்பா, அதைச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் வில்லையை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா, சட்டுனு சொல்லுங்க" என்று விரட்டுகிறவர். படகுக் கடையில் அவர் பாடு திண்டாட்டம். இரண்டும் ஆறு பேர் உட்காரும் மோட்டார் படகு. ஒரே நீளம், ஒரே எஞ்சின். நீலக்கோடு போட்டதற்கு மடக்குக் கூரை, சிவப்புக்கோடு போட்டதற்கு ஏணி. வித்தியாசம் அவ்வளவுதான். அதைப் பார்க்க இது ஏழாவது ஞாயிறு.

"நாளையிலேருந்து பிள்ளைகளுக்கு லீவு. இன்னிக்குப் படகு முடிவாகலைன்னா அவங்களைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். லீவு முடிஞ்சுதான் வருவேன்."

கண்ணாடிக்காரர் இரண்டு படகுக்கும் தான் போட்டுவைத்த மார்க் பட்டியலை அவசரமாக எடுத்து வாசித்தார். பதினாலுக்குப் பதினாலு.

"ஏணிக்கு ஒரே ஒரு மார்க்கா? தண்ணியில விழுந்தா உங்க கூரையைப் பிடிச்சா ஏறுவேன்?"

"வெயில் அடிச்சா ஏணிக்கு அடியிலயா உக்காருவே?"

கடைக்கு வந்த நாலைந்து பேர் பக்கத்தில் நின்று, நல்ல பாயிண்ட் வரும்போதெல்லாம் தலையாட்டினார்கள். முதலாளி தங்கமான மனிதர். அவசரப்படுத்தாமல் இன்னொரு டீ அனுப்பினார்.

தீர்ப்புச் சொல்ல மச்சான் வரவழைக்கப்பட்டான். இரண்டிலும் ஏறிக் குதித்துவிட்டு, "ரெண்டுமே நல்லாருக்கு மாமா," என்றான்.

"இதைச் சொல்லவா உன்னை வரச்சொன்னேன்?"

"சிவப்புல டம்ளர் வைக்கக் குழி இருக்கு."

மனைவி முகம் மலர்ந்தது. சிவப்புக்குப் பதினைந்து. கண்ணாடிக்காரர் விடுவாரா? நீலத்தின் சீட்டைத் தடவினார். "போன வாரம் இங்கே ஒரு கீறல் இருந்துச்சு, ஒரு மார்க் குறைச்சிருந்தேன். பாலிஷ் போட்டுட்டாங்க போல. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது." மறுபடி சமம்.

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டியதும் அவர் குறுக்கே வந்து நின்றார்.

"சரி, உன் இஷ்டம். சிவப்பே வாங்கிடலாம்."

"வேணாம். நானும் அதைத்தான் யோசிச்சேன். உங்க ஆசைப்படி நீலமே இருக்கட்டும்."

"நான் விட்டுக்கொடுக்கிறேன்ல?"

"நான் விட்டுக்கொடுத்தா மட்டும் கசக்குதா?"

இப்போது அவர் ஏணியின் பெருமையை எடுத்துவிட, அவள் கூரையைப் புகழ்ந்து தள்ள, கூட்டம் இரட்டிப்பானது. குரல் கட்டியபோதுதான் இருவரும் ஓய்ந்தார்கள்.

"எதுவானா என்ன, வாசல் பக்கம் இருக்கிறதை எடுத்துக்கலாம்," என்றாள் அவள்.

"சரி," என்றார் அவர். ஏழு வாரத்தில் முதல் ஒற்றுமை. டீ டம்ளர் எடுக்க வந்த அம்மாவிடம், "முதலாளியை பில் போடச் சொல்லுங்கம்மா," என்றார்.

அந்த அம்மா சங்கடத்தோடு தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டும் இப்பத்தான் வித்துப்போச்சு சார், வாராவாரம் நீங்க பேசறதைக் கேட்டுத்தானே ஜனங்க வாங்குது, இது ஏழாவது ஜோடி."