மார்க்கெட் வேண்டாம் என்று நான் சொன்ன கதை

பணி ஓய்வு பெற்ற அரசு ஊழியரிடம் யாரும் கருத்துக் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார், அதுவும் முறைப்படி சொல்வார்.

வருவாய்த் துறையில் நான் பழகிய முறை இது. கோப்பில் குறிப்பு எழுதும்போது, நாம் மறுக்கப்போகும் வாதத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். அதைச் சொன்னவனே கைதட்டும் அளவுக்கு வலுவாக. பிறகு அதை ஒவ்வொரு புள்ளியாக உடைக்க வேண்டும். நம் பரிந்துரை கடைசியில்தான் வரும். (அதற்குள் மேலதிகாரி கொட்டாவி விட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.)

அப்போது திண்டுக்கல் பூ மார்க்கெட்டை ஊருக்கு வெளியே, நத்தம் ரோட்டுப் பக்கம் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு கிளம்பியிருந்தது. ஆளும் கட்சி வேண்டும் என்றது. எதிர்க்கட்சி கூடாது என்றது. எங்கள் வீட்டில் ஓடும் சேனல், மார்க்கெட் என்றாலே சேற்றையும் மாட்டையும் காட்டும். சவரிமுத்து வீட்டில் ஓடும் சேனல் அழுகிற பெண்களைக் காட்டும். இரண்டையும் பார்க்கிற வெளியூர்க்காரன், இவை வேறு வேறு ஊர்கள் என்று சத்தியம் செய்வான்.

சவரிமுத்து தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகை போடுகிறவர். பட்டா மாறுதலுக்காக என் அலுவலகத்துக்கு வந்து, பட்டா கிடைத்த பிறகும் வந்துகொண்டிருந்தவர். காலையில் பூவை இறக்கிவிட்டு மார்க்கெட் முனை டீக்கடையில் என்னோடு உட்காருவார். ஓய்வுக்குப் பிறகு என் பேச்சைக் கடைசிவரை கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"நத்தம் ரோட்டுக்குப் போச்சுன்னா, நான் ஊரைச் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள ஏவாரம் முடிஞ்சிரும் சார்" என்பார். நானும் மார்க்கெட் நகரக் கூடாது என்ற கட்சிதான்.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சேனல்காரர்கள் மைக்கோடு டீக்கடைக்கே வந்துவிட்டார்கள். சவரிமுத்து என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "எங்க சாரைக் கேளுங்க. சட்டம் அம்புட்டும் தெரிஞ்சவரு."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மாற்ற வேண்டும் என்போரின் வாதம் இது என்று ஆரம்பித்து, விரலை உயர்த்தி முழங்கினேன். "நெரிசல் தாங்கல! ஆம்புலன்ஸ் போக வழியில்ல! இந்த மார்க்கெட் ஊருக்குள்ள இருக்கவே கூடாது!" பிறகு அந்த வாதத்தைப் பொடிப்பொடியாக்கினேன். சவரிமுத்து கைதட்டினார். கேமராக்காரர் கேமராவை எப்போதோ இறக்கிவிட்டிருந்தார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

மாலையில் என் மனைவி கமலா சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லி, டிவி முன்னால் உட்கார்ந்தாள். வந்தது விரலும் முழக்கமும் மட்டும். கீழே சிவப்புப் பட்டையில் 'மார்க்கெட் வேண்டாம்: முன்னாள் அதிகாரி ஆவேசம்.' சவரிமுத்து வீட்டுச் சேனலுக்குத் திருப்பினால் அங்கேயும் அதே விரல், பின்னணியில் திகில் இசை. 'யார் ஏவிய ஆள் இவர்?'

நாலைந்து முறை பார்த்த பிறகு கமலா சொன்னாள். "என்னங்க, நீங்க சொல்றது சரியாத்தான இருக்கு? ஆம்புலன்ஸ் பாவம்ல?"

"ஏண்டி, அது நான் சொன்னதே இல்லடி."

"வாயி உங்க வாயிதான?"

மறுநாள் தெருவில் எனக்குச் சால்வை போட ஒரு கூட்டம் வந்தது. டீக்கடையில் எனக்கு டீ வரவில்லை. சேனலுக்கு மறுப்பு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, மறுப்பு வரவில்லை.

சவரிமுத்துவும் டீக்கடைக்கு வரவில்லை. தாடிக்கொம்புக்கே போனேன். செடிகளுக்கு நடுவே நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சவரி, நான் பேசுனதை நீங்க முழுசாக் கேட்டீங்கல்ல?"

"நான் கேட்டேன் சார். ஊரு கேக்கலியே. 'நீதானய்யா முன்னால தள்ளிப் பேசவச்ச'ங்குறாங்க. என் பூவை ஒருத்தனும் தொட மாட்டேங்குறான்." குரல் இறங்கியது. "கொஞ்ச நாளைக்கு நீங்க மார்க்கெட்டுப் பக்கம் வராதீக. எப்ப வரலாம்னு நானே சொல்லி விடுறேன்."

சேனல்களுக்கு வேறு சண்டை கிடைத்தது. மார்க்கெட்டைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மல்லிகை மூட்டைகள் வருகின்றன. சவரிமுத்துவின் பூவும் பழையபடி விலை போவதாகக் கேள்வி. நான் டீக்கடை முனை கண்ணில் படும் வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

வீட்டில் மட்டும் வழக்கு முடியவில்லை. "தோசைன்னா எண்ணெய் கூடும், நேரமாகும்..." என்று நான் முறைப்படி ஆரம்பித்ததும் கமலா அடுப்பில் இட்லிச் சட்டியை ஏற்றிவிடுகிறாள். மருமகன் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "மாமா, முடிவை மொதல்ல சொல்லிருங்க. இங்கயும் வெட்டிருவாங்க" என்கிறார். வீடே சிரிக்கிறது.

சவரிமுத்துவிடம் இதைச் சொன்னால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். அவர் இன்னும் சொல்லி விடவில்லை.