ஐந்தாம் எண்ணும் நொட்டையண்ணனும்

நொட்டையண்ணனிடம் ஒரே தடவையில் தேறிய பொருள் கோயம்புத்தூரில் எதுவும் கிடையாது. எங்கள் கேன்டீன் இட்லி தேறவில்லை. அவருடைய கல்யாணப் பத்திரிகையே நான்கு முறை அச்சகத்துக்குத் திரும்பிப் போனது என்பார்கள். அப்படிப்பட்டவரிடம் நான் எழுதிய டிரைவர் என்ற கணினி நிரல் எம்மாத்திரம்?

கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். ஆனால் அலுவலகத்தில் யார் எந்த நிரலை எழுதினாலும், அவர் படித்துப் பார்த்து "சரிங்க" என்று சொன்னால்தான் அது உள்ளே போகும்.

என் டிரைவரின் வேலை எளிது. ஒரு சிப்புக்குள் கோர்கள் என்று பல குட்டி மூளைகள் உண்டு. அவை என்னென்ன செய்தன என்ற தடமெல்லாம் ஒரே குழாய் வழியாக வெளியே வரும். எந்தத் தடம் யாருடையது என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஒவ்வொரு கோருக்கும் ஓர் எண் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். மருத்துவமனை டோக்கன் மாதிரிதான். ஐந்து மாதம் உழைத்து எழுதினேன்.

பதினொரு முறை திருப்பி அனுப்பினார்.

திட்டித் திருப்பியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவரோ மரியாதையாலேயே ஆளைக் கொல்வார். "ஏனுங்க அம்மணி, தப்புன்னு சொல்லலைங்க. ஆனா சரின்னு சொல்லவும் மனசு வரலைங்க." நான் எதையும் பட்டியல் போடுகிறவள். அவருக்கும் ஒன்று போட்டேன். மூன்றாவது முறை, ஒரு காலி வரி அதிகம். ஆறாவது முறை, ஒரு காலி வரி குறைவு. அது மூன்றாவது முறை எடுக்கச் சொன்ன அதே வரி! எட்டாவது முறை எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "குறை எதுவும் தெரியலைங்க. அதுதானுங்க சந்தேகமா இருக்குது."

ஒன்பதாவது முறை வசமாக மாட்டினார். "நூத்திப்பன்னெண்டாம் நம்பரைக் கொடுக்காம உட்டுட்டீங்களே?" என்றார். நூற்றுப்பன்னிரண்டிலிருந்து மேலே உள்ளவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சிப்பின் கையேட்டிலேயே இருக்கிறது. பக்கத்தை விரித்துக் காட்டினேன். முகம் சுண்டும் என்று காத்திருந்தேன். மனிதர் சந்தோஷத்தில் குதித்தார். "அம்மணி என்னைய புடிச்சுபோட்டாங்க!" என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னார். திரும்பி வந்து, "நூத்திப்பதினொண்ணைச் சோதிச்சீங்களா?" என்றார்.

இதற்கிடையில் மேலாளர் ஒரு குண்டைப் போட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தேறாவிட்டால் வேலை பெங்களூர்க் குழுவுக்குப் போய்விடும். நான் எழுதியதன் தலையில் வேறொருவர் பெயர் ஏறும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பதினொன்றாவது மறுப்பு வந்தது. "என்னமோ உறுத்துதுங்க. என்னன்னு சொல்லத் தெரியலைங்க." அவ்வளவுதான்.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். "உறுத்துதுன்னா டாக்டர்கிட்ட போகட்டும் சார்! அதுக்கு நான் என்ன பண்ணோணும்?"

மேலாளர் பயந்துவிட்டார். "விடும்மா, நானே சரி போட்டுடறேன்" என்றார். போடுங்கள் என்றேன்.

வாசலில் நொட்டையண்ணன் நின்றிருந்தார். "தாராளமா போடுங்க சார். பத்தே நிமிசம் குடுங்க. அம்மணியோட புரோகிராமை நாம நடிச்சுப் பார்த்துபோடலாமுங்க."

வரவேற்பு மேசை ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். நானும் மேலாளரும் கோர்கள்; பெட்டிதான் குழாய். மனதில் ஓடுவதைத் துண்டுச்சீட்டில் எழுதி, மேலே நம் எண்ணைப் போட்டு, பெட்டிக்குள் போட வேண்டும். எண் கொடுப்பது நொட்டையண்ணன். பெட்டியைத் திறந்து படிப்பது ஸ்டெல்லா.

எனக்கு ஐந்தாம் எண். ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். "அம்மணி, நீங்க இப்பத் தூங்கப் போறீங்க. உங்க புரோகிராம்படி நம்பரைத் திருப்பிக் குடுத்துருங்க." கொடுத்தேன். அதை வாங்கி மேலாளரிடம் நீட்டினார். அவரும் ஒரு சீட்டு எழுதிப் போட்டார். ஸ்டெல்லா பெட்டியைத் திறந்தாள்.

"ஏனுங்ணா, அஞ்சாம் நம்பரு ஆர்.எஸ்.புரம் டெய்லர்கிட்ட ப்ளவுஸ் வாங்கோணுமாம். அப்பறம் மீசைக்கு டை அடிக்கோணுமாம். யாருங்ணா இந்தப் பொண்ணு?"

மேலாளர் மீசையைத் தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சீட்டை யாரும் படிப்பதற்கு முன்பே என் எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று. கொடுக்கச் சொன்னது என் நிரல்தான்.

"சார், சரி போடாதீங்க" என்றேன்.

நொட்டையண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதானுங்களா உறுத்துச்சு! சத்தியமா எனக்கும் தெரியாதுங்க அம்மணி."

பெட்டியைப் படித்து முடிக்கும்வரை எண் கைமாறக் கூடாது. அவ்வளவே மாற்றம். ஆனால் அதற்காகப் பதினேழு இடங்களைத் தொட வேண்டியிருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நொட்டையண்ணன் நிதானமாகப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது. ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் "சரிங்க" வந்தது.

திங்கட்கிழமை மேலாளர் அடுத்த டிரைவரைக் கொடுத்தார். "இதைப் பார்க்க வேற ஆளைப் போட்டுடலாமா?" என்றார் பரிவாக.

வேண்டாம் என்றேன். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காலி வரியை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் நான் எழுதிய ஒன்றைப் பன்னிரண்டு முறை முழுதாகப் படித்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.