அடுப்படிப் புறம்போக்கு

காட்டையும் மலையையும் அளந்து முடித்த வெள்ளைக்காரனே தொடத் துணியாத ஒரு நிலப்பரப்பை முதன்முதலாக முறைப்படி அளந்து எல்லை கட்டிய பெருமை மதுரை மாநகரத்தையே சேரும். அந்த நிலப்பரப்பு, பஞ்சுப்பேட்டைக் குமாஸ்தா நல்லகாமன் வீட்டுச் சமையற்கட்டு.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. ஊரில் எங்கே திரும்பினாலும் ஒரு சங்கம். கள்ளை ஒழிக்க ஒன்று, குடுமியை ஒழிக்க ஒன்று, மற்றச் சங்கங்களை ஒழிக்க ஒன்று. மேலூர் முதல் திருமங்கலம் வரை வயல் அளந்து ஓய்வுபெற்ற சர்வேயர் சோணைமுத்து, அளக்க ஒன்றும் கிடைக்காமல் கொஞ்ச நாள் கை அரித்துக் கிடந்தார். பிறகு 'சமையற்கட்டு இடச் சீர்திருத்தச் சங்கம்' கண்டு, தாமே அதன் தலைவரானார். நல்லகாமன் பொருளாளர். ஜவுளிக்கடை மொக்கைச்சாமி காரியதரிசி. மூவரில் ஒருவருக்கும் சமையற்கட்டுக்குள் காலெடுத்து வைத்துப் பழக்கமில்லை. ஒரு விஷயத்தை நடுநிலையோடு அணுக இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

நல்லகாமனின் மனைவி ரெங்கம்மாளுக்குச் சங்கத்தைப் பற்றித் தெரியவந்தது, சங்கத்துக்குக் காப்பி போடச் சொன்னபோதுதான். காப்பி குடித்த தெம்போடு சோணைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அளவு நாடாவோடு சமையற்கட்டுக்குள் இறங்கினார். அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"பாத்தியா மாப்ள," என்றார் நல்லகாமனிடம். "அடுப்புக்கு இம்புட்டு எடம், அம்மிக்கு இம்புட்டு, பானை அடுக்குக்கு இம்புட்டு. எல்லாம் நியாயமான அனுபோகம். இந்த மூலை யாரு அனுபோகத்துல இருக்கு?"

அவர் காட்டியது அம்மிக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருந்த மூலையை. நல்லகாமன் உற்றுப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து இதே வீட்டில்தான் இருக்கிறான். அந்த மூலையில் ஒரு சாமான் இருந்து அவன் கண்டதில்லை.

"யாரு அனுபோகமும் இல்லைண்ணே. சும்மாதேன் கெடக்கு."

"சும்மா கெடக்கிற எடத்தைப் பெருக்கி மெழுகி வேற வச்சிருக்காக! வீண் எடம், அதுக்கு ஒரு வீண் வேலை."

"ரொம்ப வீணுங்கண்ணே," என்றான் மொக்கைச்சாமி.

சுவரில், உட்கார்ந்த ஆளின் தலை படுகிற உயரத்தில், வட்டமாக ஒரு கறை. சோணைமுத்து அதை விரலால் தடவி, முகர்ந்து பார்த்து, "ஈரக் கசிவு," என்று தீர்ப்புச் சொன்னார். "ஒரு பெரிய பீரோ செஞ்சு நிறுத்தினா இதையும் மறைச்சுப்புடலாம்."

ரெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. அது அவள் தலை எண்ணெய். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட உட்கார்ந்த பிறகு, மிச்சம் மீதியை வெண்கலக் கும்பாவில் போட்டுக்கொண்டு அவள் அந்த மூலையில்தான் காலை நீட்டி உட்காருவாள். பின்கதவு வழியே கொஞ்சம் காற்று வரும். அவளை யாரும் கூப்பிடாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். புருஷன் வீட்டில் அவளுக்கென்று இருந்த இடமும் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் நல்லகாமன் முன்கட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். ஆகவே அவன் சங்கத்துக்குப் பொய் சொல்லிவிட்டான் என்று யாரும் பழிக்க முடியாது.

சோணைமுத்து சட்டம் தெரிந்தவர். அடாவடியாக ஒன்றும் செய்யமாட்டார். வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"இந்த வீட்டு அடுப்படி மூலை புறம்போக்குன்னு முடிவாகுது. ஆட்சேபணை உள்ளவக சொல்லலாம்!"

தெருவில் போன வண்டிக்காரன் ஆட்சேபிக்கவில்லை. வண்டி மாடுகளும் ஆட்சேபிக்கவில்லை. உள்ளே சங்கத்துக்குப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்த ரெங்கம்மாளுக்கு எண்ணெய் சீறுகிற சத்தம்தான் கேட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விஷயம் காதுக்கு வந்ததும், மறுநாள் காலையில் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்த மூலையில பீரோ வச்சா நான் எங்கிட்டு உக்கார்றது?"

"நீ எதுக்கு உக்காரணும்?"

"சாப்பிடத்தேன்."

நல்லகாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுப்படி சமைக்கிற எடம் புள்ள. சாப்பிடுற எடம் முன்கட்டு. இதுகூடத் தெரியாம இருக்கியே!"

"அப்ப முன்கட்டுல ஒங்ககூட நானும் உக்காரவா?"

"நாலு பேரு வந்து போற எடத்துலயா? நல்லாக் கேட்ட போ! எங்கிட்டாச்சும் ஒரு ஓரமா உக்காந்துக்க."

ஓரமாகத்தான் அவள் இத்தனை காலமும் உட்கார்ந்திருந்தாள். அந்த ஓரத்தைத்தான் இப்போது எடுத்துக்கொண்டார்கள்.

பீரோ வந்தது. தேக்கு மரம். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஓங்கி நின்றது. அடித்தட்டில் இரட்டைக் கதவு போட்டு ஒரு பெரிய அறை. மேலூரிலிருந்து வரவேண்டிய அரிசி மூட்டைகளுக்கு. மேலே தட்டுத் தட்டாக மற்றச் சாமான்கள். உப்புக்கு ஈரம் ஆகாது என்று உப்பு ஜாடியைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றினார் சோணைமுத்து. ரெங்கம்மாள் ஒவ்வொரு குழம்புக்கும் அம்மி மேல் ஏறி இறங்கினாள். கல்யாணத்தன்று ஒரு தரம் மிதித்த அம்மியைத் தினம் நாலு தரம் மிதிக்கிற பாக்கியம் வேறு எந்த ஊர்ப் பெண்ணுக்குக் கிடைத்தது?

சாப்பாட்டுக்குத்தான் இடமில்லை. அடுப்பு ஓரம் நின்று பார்த்தாள். புகையில் கண் எரிந்தது. கிணற்றடிக்குக் கும்பாவைக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு ஆடு அவளுக்கு முன்னால் வாயை வைத்தது. அடுத்தடுத்த நாள்களில் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டாள். பசியைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. ஆளும் இளைத்துப் போனாள். சங்கம் அதையும் கவனிக்கத் தவறவில்லை.

"அண்ணே, தங்கச்சி மெலிஞ்சதுல அடுப்படியில நடக்கிறதுக்கு எடம் கூடியிருக்கு, பாத்தீகளா?" என்றான் மொக்கைச்சாமி.

"நாம எதிர்பாக்காத நன்மை," என்றார் தலைவர்.

மூட்டைகள் வருவதற்கு முன்பே திறப்பு விழா வைத்துவிட்டார்கள். திருமங்கலத்திலிருந்தும் கப்பலூரிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்தார்கள். முன்கட்டு நிறைய இலை போட்டு, கறிச்சோறு. ரெங்கம்மாள் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சமைத்துப் பரிமாறினாள். பந்தி முடிந்து சோணைமுத்து பேச எழுந்தார். 'எந்தப் பொருளும் இடமில்லாமல் தவிக்கக் கூடாது' என்பதே சங்கத்தின் குறிக்கோள் என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

"இப்ப எல்லாரும் உள்ள வாங்க. இந்தப் பீரோவோட சிறப்பே அடித்தட்டுதேன்," என்று அவர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய், இரட்டைக் கதவையும் விரியத் திறந்தார்.

உள்ளே ரெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கும்பா. வாய் நிறையச் சோறு.

சோணைமுத்துவின் முப்பது வருஷ சர்வே அனுபவத்தில் இப்படி ஒரு நிலம் சோறு மென்று அவர் பார்த்ததில்லை.

"இது... இது ஆக்கிரமிப்பு!" என்றார்.

அவள் நிதானமாக விழுங்கினாள். "எடம் பழசுதேன் ஐயா. பொட்டிதேன் புதுசு."

"ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு கேட்டேனே தாயி!"

"தெருவைப் பாத்துக் கேட்டீக. நான் ஒங்களுக்குப் பணியாரம் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

நல்லகாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. உண்மையான வியப்புதான் இருந்தது.

"ஏ புள்ள... நீ தெனமுமா சாப்பிடுவ?"

ரெங்கம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு இத்தனை வருஷமாக வடித்துப் போட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

"தெனமும் சாப்பிட்டேன். பீரோ வந்ததுலருந்துதேன் இல்ல."

"சரி, வெளிய வா. நாளைக்கு மூட்டை வந்தா எங்கிட்டு வைக்கிறது?"

"மூட்டைக்கு எடம் பாருங்க. அதுக்குத்தானே சங்கம் வச்சிருக்கீக? இப்பக் கதவைச் சாத்துங்க. அம்புட்டு ஆம்பளைகளும் நின்னு பாத்தா எனக்குச் சோறு எறங்காது."

கதவைச் சாத்தியவர் தலைவரே. சாத்தும்போது கொஞ்சம் பணிவாகவே சாத்தினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் வந்த மூட்டைகள் முன்கட்டில், நல்லகாமனின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் ஏறின. நாற்காலி கிணற்றடிக்குப் போனது. அங்கே அவனுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு ஆடு வந்து நின்றது. ரெங்கம்மாள் அடித்தட்டை விட்டு நகரவில்லை.

சங்கமும் தவறிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. அடுத்ததாக மொக்கைச்சாமி வீட்டை அளக்கப் போனபோது, சோணைமுத்து நேராகச் சமையற்கட்டுக்குள்ளேயே நின்று, மொக்கைச்சாமியின் மனைவி ஒச்சாயியிடம் முறைப்படி விசாரித்தார்.

"தாயி, நீங்க இந்த அடுப்படியில எங்க உக்காந்து சாப்பிடுவீக?"

ஒச்சாயி சமையற்கட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். யோசித்தாள். "உக்காந்தா? வேலைக்கு நடுவுல நின்னபடியே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிறதுதேன்யா."

தலைவரின் முகம் மலர்ந்தது. அந்த வருஷத்துச் சங்கப் பரிசு, ஓர் அங்குலம்கூட வீணாகாத சமையற்கட்டு என்ற பாராட்டோடு மொக்கைச்சாமி வீட்டுக்கே போயிற்று. நல்லகாமன் வீட்டைப் பரிசுக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை. எப்படிச் செய்வார்கள்? அங்கே அரிசி மூட்டை வைக்கவேண்டிய இடத்தில், அந்த அரிசியைச் சமைத்துப் போடுகிறவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். வீண் என்றால் அதுவல்லவா வீண்!