முதுகுக்கு வெயில், முகத்துக்கு நயினாதீவு

எங்கள் தீவுப் பக்கத்து ஆட்கள் எந்த வாகனத்தில் ஏறினாலும் முதலில் வெயிலைத்தான் பார்ப்பார்கள். இருக்கை கிழிந்திருந்தாலும், காலடியில் மீன் கூடை இருந்தாலும், நிழல் பக்கம் கிடைத்தால் போதும். இந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் அபிப்பிராயம். (வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.) நயினாதீவுப் படகுத் துறைக்குப் போகிற குறிகட்டுவான் பஸ்ஸில் காலையில் எந்தப் பக்கம், மாலையில் எந்தப் பக்கம் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்படிப்பட்டவனை நம்பித்தான் மாமி விமானம் ஏறினார். மாமி என்றால் என் மனைவி சுகந்தியின் அம்மா. நயினாதீவிலேயே பிறந்து அங்கேயே வாழ்கிறவர். லண்டனில் இருக்கும் மச்சானின் பிடிவாதத்தால் சென்னையில் அவருடைய ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. துணைக்குப் போனவன் நான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, வெயில் நேராகக் கண்ணில் படவே கூடாது என்று சொல்லித்தான் டொக்டர் அனுப்பினார்.

திரும்புவதற்கு முதல் நாள் மாமி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, வரேக்குள்ள மேல நிண்டு எங்கட கோயிலைப் பார்க்க ஏலுமோ? இந்தக் கண்ணால முதல் அம்மாளாச்சியைக் கும்பிட்டால் நல்லது."

நயினாதீவுக் கரையிலிருக்கும் அம்மன் கோயிலைத்தான் சொன்னார். மாமி என்னிடம் எதையும் கேட்கிறவர் இல்லை. கலியாணம் முடிந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் உதவி அதுதான்.

"ஏலும் மாமி. அது என்ர பொறுப்பு" என்றேன்.

உடனே போனில் இருக்கைப் படத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். காலை விமானம், தெற்கே பறக்கிறது, ஆகவே வெயில் இடப்பக்கம். பலாலி விமான நிலையத்தை நெருங்கும்போது தீவுகள் வலப்பக்கம். இதுவரை கணக்கு சரி, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பிழை வந்தது அடுத்த படியில்.

நயினாதீவுப் படகில் பலகைகள் இரண்டு பக்கமும் நீளவாட்டில் இருக்கும். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பார்கள். இடப்பக்கம் இருக்கிறவனுக்குத் தெரிவது வலப்பக்கக் கடல். அதனால் வெயில் அடிக்கிற பக்கமாகப் போய் இருந்தால், வெயில் முதுகில் விழும், முகம் நிழலில் இருக்கும், எதிரே காட்சி. சின்ன வயதிலிருந்து இப்படியே இருந்து இருந்து அந்த விதி எனக்கு எலும்பில் ஊறிவிட்டது. விமானத்துக்கும் அதே விதிதான் என்று போனில் இடப்பக்கத்து இரண்டு இருக்கைகளை அமத்தினேன்.

சுகந்தி போனில் கேட்டாள். "என்னப்பா, இடப்பக்கம் வெயில் அடிக்குமெல்லோ?"

"அடிக்கட்டும். முதுகிலதானே அடிக்கும்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

போகும்போதும் விமானத்தில்தானே போனாய், கதிரைகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். போகும்போது நான் கண்ணைத் திறக்கவில்லை. (பயமில்லை, ஒரு பாதுகாப்புக்குத்தான்.)

விமானம் கிளம்பி மேலே ஏறியதும் சூரியன் யன்னலால் நேரே மாமியின் மடியில் வந்து இருந்தது. மாமி யன்னல் மூடியை இழுத்து இறக்கினார்.

"தம்பி, இது எங்கட பக்கமெல்லோ அடிக்குது?"

"இப்ப பிளேன் திரும்பும் மாமி. பிறகு பாருங்கோ."

விமானம் திரும்பவில்லை. அதற்கிடையில் யாரையாவது இடம் மாறச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! கடைசியில் இருக்கைப் பட்டி போடும் விளக்கு எரிந்தது. இறங்கும்போது மூடியைத் திறக்க வேண்டும் என்று பணிப்பெண் வந்து திறந்துவிட்டுப் போனாள். வெயில் பாய்ந்தது. மாமி கறுப்புக் கண்ணாடிக்கு மேலே சீலைத் தலைப்பையும் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். நான் பதறி எழுந்தேன்.

"சார், உட்காருங்க சார்" என்றாள் பணிப்பெண், பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டுவது மாதிரி.

வலப்பக்க யன்னலோரம் ஒரு பருத்த மனிதர் நித்திரையில் இருந்தார். எட்டி அவரைத் தட்டி எழுப்பி விசயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், கோபிக்கவில்லை.

"நான் வவுனியா, அம்மா. எனக்கு இந்தத் தீவுகள் ஒண்டும் தெரியாது" என்றார்.

சீலைக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "நான் சொல்லுறன், நீர் பாரும். கடலுக்கு நடுவால ஒரு றோட்டுப் போகுதோ?"

"ஓம், போகுது."

"அது பண்ணை றோட்டு. அங்கால கிடக்கிறது வேலணை. பிறகு இன்னொரு றோட்டு வரும். அதால போனால் புங்குடுதீவு. அதின்ர நுனியில குறிகட்டுவான் துறை. அங்கால ஒரு சின்னத் தீவு கிடக்கோ?"

"கிடக்கு அம்மா. கரையோட ஒரு கோபுரமும் தெரியுது."

மாமி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, சீலையை விலக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அவருக்கு நேரே இருந்தது அந்த மனிதரின் வயிறு மட்டும்தான். அந்த மனிதரும் பின்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிப் பார்த்தார். அது எக்கக்கூடிய வயிறாக இருக்கவில்லை. கோயில் தெரியவே இல்லை. மாமி கையை இறக்கவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுப் படலையில் சுகந்தி காத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கோயில் தெரிஞ்சதோ?"

"ஓம் பிள்ளை, நல்லாத் தெரிஞ்சுது. உன்ர மனுசன் எல்லாம் ஒழுங்காய்ச் செய்தவர்" என்றார் மாமி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "என்ன, கோபுரம்தான் கொஞ்சம் பருத்துப் போச்சு."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்காவது வயிறு வைத்தால் அவர் கோபுரம்தான். நான் எந்தப் பக்கம் இருக்கச் சொன்னாலும் எல்லோரும் மற்றப் பக்கம் போய் இருப்பார்கள். போன மாதம் மாமியின் மற்றக் கண்ணுக்காகச் சென்னை போய்த் திரும்பியபோது, வலப்பக்கம் எடுக்கும்படி சுகந்தியிடம் படம் கீறியே விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டு, கவனமாக இடப்பக்கம் எடுத்துவிட்டாள்.

மாமிக்குக் கவலையில்லை. பட்டியைப் போட்டுக்கொண்டு, தலைப்பால் முகத்தையும் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அந்தப் பக்கம் ஆர் இருக்கினம் எண்டு ஒருக்காப் பாரும் தம்பி. கும்பிடக்கூடிய ஆளோ?"