தனி ஃபோல்டரும் வில்மாரின் புண்ணியமும்

"ஏம்ப்பா ஃபப்ரிசியோ, இது புரோகிராம் வைக்கிற இடமா, சந்தைக்கடையா?" என்றார் முதலாளியம்மா நெல்பா, அவன் திரையை எட்டிப் பார்த்து.

அவன் எழுதிய நாற்பது கோப்புகளோடு, அவற்றைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி கம்பைல் செய்யும்போது விழுந்த நூற்றுச் சொச்சமும் ஒரே ஃபோல்டரில் கிடந்தன.

"விழுறதெல்லாம் தனி ஃபோல்டர்ல விழணும். பதினோரு மணிக்கு பஸ் கம்பெனிக்காரங்க வர்றாங்க. டிக்கெட் மெஷின் ஓடலைன்னா, நாளையிலேர்ந்து நீ வீட்லயே உக்காந்து மாத்தே டீ குடிக்கலாம்."

மனைவிக்கு இது எட்டாவது மாதம். இப்போதா வேலை போகணும்?

மேக்ஃபைல் என்பது கணினிக்கு எழுதிவைக்கும் வேலைப்பட்டியல்தானே, நாலு வரி மாற்றினால் ஆயிற்று என்று மாற்றினான். அப்படியொரு ஃபோல்டரே இல்லை என்றது கணினி. ஃபோல்டரை உருவாக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தான். இப்போது உள்ளே ஒரு கோப்பு விழுந்தாலே ஃபோல்டர் புதுசாகிவிட்டதென்று, சனியன், எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்தது. தடவைக்கு இருபது நிமிடம்.

சரி, துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று மேக்ஃபைலின் தலையில் ஃபோல்டரைக் குறிக்கும் சுருக்கப்பெயரை மாற்றினான். துடைக்கும் வரி கீழே இருந்தது. அதில் பழைய பெயரே நின்றதை மறந்துபோனான். அந்தப் பெயர் இப்போது எந்த ஃபோல்டரையும் குறிக்காததால், கணினி தான் நின்ற இடத்தையே சுத்தமாகத் துடைத்தது.

நாற்பது கோப்பும் போச்சு. நாளைக்கு ஏத்திக்கலாம், நாளைக்கு ஏத்திக்கலாம் என்று மூன்று வாரமாகச் சர்வரில் எதையும் ஏற்றவில்லை.

"என்னப்பா, மூஞ்சி செத்துக் கிடக்கு?" பக்கத்து மேசை வில்மார், வெந்நீர்த் தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். வாயே திறக்காத ஆள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன் வில்மார். என் கதை முடிஞ்சுது."

வில்மார் சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இதுல இருக்கு. நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

பத்து ஐம்பதுக்கு மெஷின் ஓடியது. டிக்கெட்டும் வந்தது. பஸ் கம்பெனிக்காரர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். ஃபப்ரிசியோ வில்மாரைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டான்.

"பையன் பொறந்தா உன் பேருதான்யா."

மனசு நிறைந்தால் வாய் சும்மா இருக்குமா? நேரே வரவேற்பு மேசை யமிலாவிடம் போனான்.

"நான் கேக்காமலே என் வேலையைத் தினமும் காப்பி எடுத்து வச்சிருக்கான் யமிலா. இப்படி ஒரு மனுஷன் இனி எங்க கிடைப்பான், சொல்லு?"

யமிலா நகத்துக்குச் சாயம் பூசுவதை நிறுத்தவில்லை.

"போட்டிக் கம்பெனியிலதான். திங்கட்கிழமை அங்க சேர்றாரு, வெறுங்கையோடவா போவாரு?"